விண்டோஸ் 10-லிருந்து 11-க்குப் போகலாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய அலுவலக நண்பர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் இது. ஆபீஸ் லேப்டாப் என்றால் அங்கே சிஸ்டம் பார்ப்பவர் சொல்வதுதான் முடிவு.

அக்டோபரோட விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுன்னாங்க. என்னுது இன்னும் ஓடுதே?

ஓடும். அடுத்த வருடமும் ஓடும். நின்றுபோனது மாதாமாதம் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-க்குப் பத்து வருடங்களுக்கு மேல் அது வந்தது. இனி திருடர்கள் உள்ளே நுழைய வழிவிடும் பிழை, அதாவது ஓட்டை, புதிதாகத் தெரியவந்தால், அதை அடைக்கும் அப்டேட் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தானாக வராது. கீழே சொல்லப்போகும் கூடுதல் ஓராண்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் வரும்.

என்கிட்ட இருக்கறது 10-ஆ 11-ஆன்னே தெரியலையே, எப்படிப் பார்க்கறது?

செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதற்குள் கடைசியாக இருக்கும் அபவுட். அங்கே எடிஷன், வெர்ஷன் இரண்டும் இருக்கும். விண்டோஸ் 10 என்றால் வெர்ஷன் 22எச்2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 10-இன் கடைசி வெர்ஷன் அதுதான். அதைவிடப் பழையது என்றால் முதலில் 22எச்2-க்கு வந்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். அதே பக்கத்தில் ப்ராசஸர் பெயர், ரேம் அளவு, 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு இவை தேவைப்படும்.

நல்லாத்தானே ஓடுது. நல்லா இருக்கறதை எதுக்கு நோண்டணும்?

நியாயமான கேள்வி. புதிய தோற்றத்துக்காகவோ புதிய வசதிகளுக்காகவோ மாறச் சொன்னால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஸ்டார்ட் மெனுவை நடுவில் கொண்டுவந்து வைத்ததற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டியதில்லை. எனக்கு முக்கியம் ஒன்றே ஒன்று: இந்தக் கம்ப்யூட்டரின் ஓட்டைகளை இனி யார் அடைக்கிறார்கள்?

10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி ஒன்றுதான். 11-க்கு ஓர் அப்டேட் வந்ததும், அது எதைச் சரிசெய்தது என்று பிரித்துப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை 10-லும் இருந்தால், 11-க்கு வந்த மருந்தே 10-இன் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதரவு முடிந்த முதல் மாதத்தில் பெரிய ஆபத்து இல்லை. நாள் ஆக ஆகத்தான் கூடும்.

2017 மே மாதம் வந்த வான்னாக்ரை நினைவிருக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அந்த நிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அப்போது விதிவிலக்காக ஓர் அப்டேட் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி உட்கார முடியாது.

ஆன்டிவைரஸ் போட்டிருக்கேனே, அது போதாதா?

பாதி போதும். ஏற்கெனவே அடையாளம் தெரிந்த கெட்ட நிரல்களை ஆன்டிவைரஸ் பிடிக்கும். ஆனால் விண்டோஸுக்குள் இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. விண்டோஸோடு வரும் டிஃபென்டருக்கு 10-லும் 2028 அக்டோபர் வரை வைரஸ் விவரங்கள் வந்துகொண்டிருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எட்ஜ் பிரவுசருக்கும் குறைந்தது அதுவரை அப்டேட் உண்டு. பதற வேண்டாம் என்பதற்கு இவை நல்ல காரணங்கள். அதற்காக 2028 வரை எதுவும் செய்யாமல் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் யூடியூப் பார்ப்பேன், எப்பவாவது ஒரு லெட்டர் டைப் பண்ணுவேன். எனக்கெல்லாம் எதுக்கு இது?

அந்தக் கம்ப்யூட்டரில் உங்கள் மெயில் திறந்திருக்கிறதா? வங்கிக் கணக்கு, மின்கட்டணம், வருமான வரி எதையாவது அதில் பார்க்கிறீர்களா? பான், ஆதார் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உங்களுக்கும்தான் இது. மெயில் ஒன்று திருடன் கைக்குப் போனாலே, அதை வைத்து மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அவன் மாற்றிவிடலாம்.

எதுவுமே இல்லை, பேரக்குழந்தை பாட்டு பார்ப்பதோடு சரி என்றால் நிதானமாக முடிவெடுக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வீட்டில் போய்ப் பார்த்தால் பிரவுசரில் பாதி பாஸ்வேர்டு சேமித்து வைத்திருப்பார்கள்.

11-க்குப் போக எவ்வளவு ஆகும்? கடையில ஆயிரக்கணக்குல சொல்றாங்க.

முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்து, கம்ப்யூட்டருக்குத் தகுதியும் இருந்தால் 11 இலவசம். ஹோம் இருந்தால் ஹோம், ப்ரோ இருந்தால் ப்ரோ. கடைக்காரர் கேட்பது அவர் நேரத்துக்கான கூலி. அதைக் கொடுப்பதில் தவறில்லை. 'லைசென்ஸ் வாங்கணும்' என்று சொன்னால் மட்டும் எதற்கு என்று கேளுங்கள். விண்டோஸ் 7, 8 காலத்துச் சாவிகளை வைத்துப் புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை 2023-ல் அடைத்துவிட்டார்கள். ஆனால் அந்த வழியில் முன்பே 10-க்கு வந்து ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டருக்குப் பிரச்சினை இல்லை.

2018-ல வாங்கின லேப்டாப், புதுசு மாதிரி இருக்கு. 'தகுதியில்லை'ன்னு காட்டுது. இது என்ன அநியாயம்?

அநியாயம்தான் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் விதி அதுதான். 11 கேட்கும் ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி. இவை கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கும். தடுக்கி விழுவது மூன்று இடங்களில்: ப்ராசஸர், டிபிஎம் 2.0, செக்யூர் பூட். கடைசி இரண்டும் என்ன என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். கூடவே விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

இன்டெல்லில் பொதுவாக எட்டாவது தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் தேறும். ஐ5-8250யூ என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8 தான் தலைமுறை. ஐ5-7200யூ என்றால் ஏழாவது, தேறாது. ஐ5-10210யூ என்பதில் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் பத்தாவது என்று படிக்க வேண்டும். ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையில் சிலவும், அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலானவையும் தேறும். பென்டியம், செலரான் பெயர்களில் தலைமுறை தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓடவிட்டுப் பார்ப்பதே நல்லது. எட்டாவது தலைமுறை 2017 கடைசியில் தான் வந்தது. 2018-ல் கடைகளில் ஏழாவது தலைமுறை சரக்கு நிறைய இருந்தது, தள்ளுபடியில் வாங்கியவர்கள் அதைத்தான் வாங்கினார்கள். உங்கள் லேப்டாப்புக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் கொடுத்தவை எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. அவற்றுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் பற்றிய பதிலைப் பாருங்கள்.

டிபிஎம் இல்லைன்னு வருது. சிப் வாங்கிப் போடணும்ங்கறார் கடைக்காரர்.

அவசரப்படாதீர்கள். டிபிஎம் என்பது சாவிகளையும் கடவுச்சொற்களையும் பாதுகாக்க உதவும் ஒரு சின்னப் பகுதி. எட்டாவது தலைமுறைக்கு மேற்பட்ட இன்டெல் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் ப்ராசஸரோடு சேர்ந்தே இருக்கிறது. அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் இது ரொம்ப சகஜம். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போனால் இன்டெல்லில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். அதை ஆன் செய்து சேமித்தால் போதும். ப்ராசஸரே தேறாது என்றால் சிப் வாங்கிப் போட்டும் பயனில்லை.

நம்பகமான நிரல் மட்டுமே கம்ப்யூட்டரைத் தொடங்க விடும் செக்யூர் பூட் கொஞ்சம் வம்பு. பழைய முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருக்கும்; அதை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றிய பிறகே பயாஸை யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்குத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் தொடங்காது. மாற்றுவதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் இது என்ன என்று புரியாதவர்கள் தெரிந்தவரை வைத்துச் செய்வது உத்தமம். எதைத் தொடுவதற்கு முன்னும் பேக்கப். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

தகுதி இருக்கு, ஆனா 4 ஜிபி ரேம்தான். போட்டா ஆமை ஆயிடுமா?

ஆகும். 4 ஜிபி என்பது உள்ளே விடுவதற்கான அளவு. வேலை செய்வதற்கான அளவு இல்லை. குரோமில் நாலைந்து டேப் திறந்தாலே திணறும். என் கணக்கில் 8 ஜிபி இருந்தால்தான் 11-ஐ நினைக்கலாம்.

அதைவிட முக்கியம் டிஸ்க். சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் 10-உம் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டியாக மாற்றினாலே புதுக் கம்ப்யூட்டர் வாங்கியது போல் ஆகிவிடும். ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் மாற்றிவிட்டு அப்புறம் அப்கிரேட் செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டியிருக்கும், மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னுது தேறவே தேறாது. இப்ப என்ன செய்யட்டும்?

முதலில் மூச்சு விடக் கொஞ்சம் அவகாசம் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கொடுக்கும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது, இஎஸ்யூ என்பார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு வரும். 22எச்2 வெர்ஷனும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டும் வேண்டும். சேர மூன்று வழிகள்: கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை அந்த அக்கவுன்டோடு ஒத்திசைத்தால் இலவசம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம். ஒரே அக்கவுன்டில் பத்துக் கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம்.

இலவச வழியைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். படங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்றினால்தான் இலவசம் என்று சிலர் நினைக்கிறார்கள். செட்டிங்ஸ் ஒத்திசைந்தாலே போதும். புது வசதிகள் எதுவும் வராது, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. இதில் கிடைக்கும் நேரத்தில் பணம் சேர்த்துப் புதியது வாங்குவதா, லினக்ஸ் போடுவதா என்று முடிவெடுங்கள். சேர்ந்துவிட்டு மறந்துபோவதுதான் இதில் நடக்கக்கூடிய தப்பு.

தகுதி இல்லாட்டியும் 11 போட்டுத் தர்றேன்னு தம்பி ஒருத்தன் சொல்றான். போடலாமா?

போட முடியும். ரூஃபஸ் போன்ற கருவிகள் அந்தச் சோதனையைத் தாண்டவைக்கும் பென் டிரைவைத் தயாரித்துத் தரும். நிறையப் பேர் போட்டு ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் இப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் பெறும் உரிமை கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. மாத அப்டேட்கள் நடைமுறையில் வரும். வருடம் ஒருமுறை வரும் பெரிய வெர்ஷன் தானாக வராது, ஒவ்வொரு முறையும் அந்தத் தம்பியைத் தேட வேண்டும். தேடாமல் விட்டால் இரண்டு வருடத்தில் அந்த வெர்ஷனுக்கும் ஆதரவு முடிந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்போம்.

ரொம்பப் பழைய ப்ராசஸருக்கு இந்தக் கதவும் இல்லை. 11-இன் 24எச்2 வெர்ஷன் முதல் குறிப்பிட்ட சில கட்டளைகள் ப்ராசஸரில் இல்லாவிட்டால் விண்டோஸ் பூட் ஆகவே ஆகாது. கோர் 2 டியோ காலத்துக் கம்ப்யூட்டர்கள் இதில் அடிபடும். கம்ப்யூட்டர் நோண்டுவதில் ஆர்வம் உள்ள பையன் தன் சொந்த மெஷினில் செய்து பார்க்கட்டும். அப்பா அம்மா வங்கிக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரில் நான் செய்யமாட்டேன்.

லினக்ஸ்னு சொல்றீங்க, எங்க வீட்ல யாருக்கும் அது வராதே?

பிரவுசர், வீடியோ, கடிதம், பிரிண்ட் என்ற அளவில் இருப்பவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். லினக்ஸ் மின்ட் பார்க்க விண்டோஸ் 7 சாயலில் இருக்கும். மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, காசு கிடையாது. எஸ்எஸ்டி இருந்து 4 ஜிபி ரேம் இருந்தால் பழைய மடிக்கணினியிலும் பரவாயில்லாமல் ஓடும். பென் டிரைவிலிருந்தே பூட் செய்து, டிஸ்க்கைத் தொடாமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

டேலி, ஃபோட்டோஷாப், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றில் ஒன்று தினமும் வேண்டும் என்றால் லினக்ஸ் உங்களுக்கு இல்லை. எப்படியாவது ஓடவைக்க வழி சொல்வார்கள். வரி ரிட்டர்ன் போடும் நேரத்தில் அந்த வழி கைகொடுக்காது.

தமிழ் ஃபான்ட் எல்லாம் போயிடுமா? பாமினில நிறைய டைப் பண்ணி வெச்சிருக்கேன்.

இருப்பதன் மேலேயே அப்கிரேட் செய்தால் நீங்கள் போட்ட ஃபான்ட்கள் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால் போய்விடும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த கோப்புகள், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பேக்கப் எடுக்கும்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ் ஃபான்ட்களைத் தனியாகக் காப்பி செய்துவிடுங்கள். முடிந்தால் முக்கியமான கோப்புகளை இந்தச் சாக்கில், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

இன்னொன்று: பழைய வேர்டு கோப்புகளில் இருக்கும் லதா ஃபான்ட் 10-லும் 11-லும் தானாக இருக்காது. தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தாலோ, ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தாலோ வந்துவிடும். இது தெரியாமல் அப்கிரேட்டில் தமிழே கெட்டுவிட்டது என்று புலம்பியவர்கள் உண்டு. தட்டச்சுக்குத் தமிழ்99, அஞ்சல் இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன. பழைய தட்டச்சு மென்பொருள் ஓடாவிட்டாலும் கை நிற்காது.

பிரிண்டர், டேலி, கையெழுத்து டோக்கன் எல்லாம் ஓடுமா?

நீங்கள் இப்போது ஓட்டுவது 64 பிட் விண்டோஸ் 10 என்றால், அதில் வேலை செய்யும் பிரிண்டர் டிரைவர் பெரும்பாலும் 11-லும் வேலை செய்யும். 32 பிட்டில் இருந்தால் அந்த டிரைவர் கண்டிப்பாக ஓடாது, பிரிண்டர் கம்பெனி 64 பிட் டிரைவர் கொடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 32 பிட்டிலிருந்து 11-க்கு நேரடியாக அப்கிரேடும் செய்ய முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

டேலியில் கணக்கு இருக்கும் டேட்டா ஃபோல்டரைத் தனியாகப் பேக்கப் எடுங்கள். ஃபார்மட் செய்வதாக இருந்தால் அதற்கு முன் டேலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். திரும்பப் போடும்போது அலைய வேண்டியிருக்காது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்குள்ளேயே இருப்பதால் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தாலும் அழியாது. டோக்கனின் டிரைவர், ஜிஎஸ்டி தளத்துக்கான எம்சைனர் ஆகியவற்றை மட்டும் திரும்பப் போட வேண்டும். ஒரே ஒரு அறிவுரை: ரிட்டர்ன் கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் அப்கிரேட் வேண்டவே வேண்டாம்.

ஃபோட்டோ எல்லாம் டி டிரைவ்ல இருக்கு. அதனால கவலை இல்லைதானே?

நான் அதிகம் கேட்டதும், கேட்கும்போதெல்லாம் பயந்ததும் இதுதான். சி, டி என்று இரண்டாகத் தெரிந்தாலும் பெரும்பாலான லேப்டாப்களில் அது ஒரே டிஸ்க். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு தவறான வரியை அழுத்தினால் டி-யும் காலி. கடையில் 'டி டிரைவைத் தொடாதீங்க' என்று சொல்லிவிட்டு வருவது பேக்கப் ஆகாது.

கம்ப்யூட்டரை விட்டுக் கழற்றி வைக்கக்கூடிய வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்ய வேண்டும். செய்துவிட்டு, அந்த டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து படங்களைத் திறந்தும் பார்க்க வேண்டும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் சி டிரைவில்தான் இருக்கின்றன, அவற்றை மறந்துவிடுவார்கள். பிரவுசர் புக்மார்க், பாஸ்வேர்டு, அவுட்லுக் மெயில் கோப்பு, டேலி டேட்டா, தமிழ் ஃபான்ட் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலேயே அப்கிரேட் செய்தால் கோப்புகள் பத்திரமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த பெரிய அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்தது. மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்துச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்ப விட்டது. எந்தப் புது வெர்ஷனையும் முதல் வாரமே போடவேண்டாம் என்று நான் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

மேலேயே அப்கிரேட் பண்றதா, ஃபார்மட் பண்ணிப் புதுசா போடறதா?

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறதென்றால் மேலேயே. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 11 வந்திருக்கும். சி டிரைவில் ஒரு 30 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு, சார்ஜரை மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாமல் கைவைக்க வேண்டாம். வருடக்கணக்கில் குப்பை சேர்ந்து, தேவையில்லாத விளம்பரங்கள் தாமாக எழும் நிலையில் இருந்தால் ஃபார்மட்தான் சுத்தம்.

போட்டப்புறம் பிடிக்கலைன்னா பழையபடி 10-க்கு வரலாமா?

மேலேயே அப்கிரேட் செய்தவர்கள் பத்து நாட்களுக்குள் வரலாம். செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் 'கோ பேக்' இருக்கும். பத்து நாள் தாண்டினால் பழைய விண்டோஸ் வைத்திருந்த ஃபோல்டர் அழிந்துவிடும். இடம் காலி செய்கிறேன் என்று நீங்களே டிஸ்க் கிளீனப்பில் அதை அழித்தாலும் அதே கதை. அதனால் முதல் பத்து நாளில் பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன், டேலி எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். திரும்பி வந்தால், முன்னே சொன்ன ஓராண்டுத் திட்டத்தில் சேர மறக்காதீர்கள்.

பயாஸ்ல ஏதோ மாத்தினாங்க. இப்ப நீலத்திரைல 48 நம்பர் கேக்குது. வைரஸா?

வைரஸ் இல்லை, பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும் கம்ப்யூட்டரில் டிபிஎம், செக்யூர் பூட் போன்றவற்றை மாற்றினால் 'நீதான் சொந்தக்காரனா' என்று கேட்கும். அந்த 48 இலக்கச் சாவி பெரும்பாலும் முதல்முறை விண்டோஸில் நுழைந்தவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும். போனில் அந்த அக்கவுன்டுக்குள் போய்ப் பாருங்கள். மகனுடைய அக்கவுன்டில் ஆரம்பித்த லேப்டாப் என்றால் மகனைக் கேளுங்கள். சாவி எங்கேயும் இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் இருப்பதை எடுக்க முடியாது.

24எச்2 முதல், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு புதிதாக இன்ஸ்டால் செய்தால் இந்தப் பூட்டு பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும். போட்டு முடித்த அன்றே அந்தச் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

'உங்க விண்டோஸ் காலாவதி ஆயிடுச்சு'ன்னு போன் வந்தது, இங்கிலீஷ்ல பேசினாங்க. நிஜமா?

பொய். மைக்ரோசாஃப்ட் அப்படி வீட்டுக்குப் போன் செய்வதில்லை. உங்கள் கம்ப்யூட்டரை அவர்கள் அங்கிருந்தே இயக்கவைக்கும் எனிடெஸ்க், டீம்வியூவர் போடச் சொன்னால் பேசாமல் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? இணையத்தைத் துண்டித்துவிட்டு, வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே சொல்லுங்கள். ஓடிபி சொல்லிவிட்டோமே என்ற வெட்கத்தில் நேரத்தை விடாதீர்கள்.

எங்களுது அசெம்பிள் மெஷின். விண்டோஸ் ஒரிஜினலான்னே தெரியாது. அதுக்கும் 11 வருமா?

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் பொதுவாக நிம்மதி. நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வரைப் பற்றிப் பேசினாலோ, சில மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு நிரலை ஓட்டச் சொல்லிக் கடையில் கொடுத்திருந்தாலோ அது கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்தது. அப்டேட் போட்டுப் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்றுதானே இவ்வளவு பேசுகிறோம். ஆக்டிவேட் செய்ய யார் எழுதினார்கள் என்றே தெரியாத நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டு அதைப் பேசுவதில் அர்த்தம் இல்லை. ஒன்று லைசென்ஸ் வாங்குங்கள், இல்லையென்றால் லினக்ஸ்.

நண்பனோட கம்ப்யூட்டருக்கு 2032 வரைக்கும் அப்டேட்டாம். அவனும் விண்டோஸ் 10-தான். அது எப்படி?

அவர் சொல்வது ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்பு. ஏடிஎம், மருத்துவக் கருவி மாதிரியான இடங்களுக்காகச் செய்தது. அதற்கு 2032 ஜனவரி வரை ஆதரவு இருப்பது உண்மை. ஆனால் அதைத் தனி ஆளுக்குக் கடையில் விற்பதில்லை, கருவி தயாரிப்பவர்கள் வழியாகத்தான் லைசென்ஸ் வரும். சில நூறு ரூபாய்க்கு அதன் சாவி கிடைக்கிறதென்றால் முந்தைய பதிலில் சொன்னதுதான் இதற்கும்.

இன்டர்நெட்டே இல்லாத கம்ப்யூட்டர். அதை என்ன பண்ணணும்?

ஒன்றும் வேண்டாம். பழைய ஸ்கேனரோ தையல் டிசைன் மென்பொருளோ ஓட்டுவதற்காக வைத்திருக்கும் மெஷினை 10-லேயே விட்டுவிடுங்கள். பென் டிரைவ் மட்டும் கவனம்: ஊரெல்லாம் சுற்றிய பென் டிரைவை அதில் செருகாதீர்கள்.

அப்பா இன்னும் விண்டோஸ் 7-லதான் இருக்கார். அவருக்கும் இதே பதிலா?

அவருடையது இன்னும் அவசரம். 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்தது. குரோம் 2023-ல் 109-ஆவது வெர்ஷனோடு 7-ஐ விட்டுவிட்டது. பிரவுசரே பழையதாகிவிட்ட கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கு பார்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மெஷின் 11-க்குத் தேறாது என்றே வைத்துக்கொள்ளலாம். பேக்கப், எஸ்எஸ்டி, லினக்ஸ் மின்ட் என்ற வரிசையில் போங்கள். அவருக்குப் பழக்கமான ஐகான்களை டெஸ்க்டாப்பில் அதே இடத்தில் வைத்துக் கொடுத்தால் பாதிச் சண்டை குறையும்.

பேசாம விண்டோஸ் 12 வர்றவரைக்கும் இருந்துடலாமா?

12 என்று ஒன்றைத் தேதி குறித்து மைக்ரோசாஃப்ட் அறிவிக்கவில்லை. 2015-ல் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மேடையிலேயே 10 தான் கடைசி விண்டோஸ் என்றார்; ஆறு வருடத்தில், 2021 அக்டோபர் 5 அன்று, 11 வந்துவிட்டது. அவர்கள் பேச்சை வைத்து நாள் குறிக்க முடியாது. அப்படி ஒன்று வந்தாலும் இன்று 11-க்கே தேறாத கம்ப்யூட்டரை அது சேர்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. இன்று தேறும் கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தால், இந்த வார இறுதியில் பேக்கப் எடுத்துவிட்டு அடுத்த வார இறுதியில் 11-ஐப் போடுங்கள்.